ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம்

மனநலம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

ஆன்லைன் சூதாட்டம் பற்றி வந்த கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புடைய ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் கணவர் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். சில ஆண்டுகளாக ஆன்லைன் ரம்மி ஆடிவந்தார். தடை வந்த பிறகு, டெலிகிராமில் யாரோ அனுப்பும் இணைப்புகள் வழியாக வேறு தளங்களில் ஆடுகிறார். கேட்டால், "வீட்டுக்கடனை அடைக்கத்தானே ஆடுகிறேன்" என்கிறார். ஆனால் ஒரு நாள் இரவு பதினெட்டாயிரம் ரூபாய் ஜெயித்தவர், அதை வங்கிக்கு மாற்றாமல் விடியும்வரை ஆடி, அவ்வளவையும் விட்டார். பணத்துக்காக ஆடுபவர் பணம் வந்ததும் நிறுத்த வேண்டாமா? இது பேராசையா, நோயா?
– வாசகி, ஈரோடு

பணம் வந்ததும் நிறுத்த வேண்டாமா என்று நீங்கள் கேட்டிருப்பது, இத்துறையில் ஆய்வு செய்பவர்களும் நெடுநாளாகக் கேட்டுவரும் கேள்வி. மது அருந்துபவர்களிடம் 'ஏன் குடிக்கிறீர்கள்' என்று கேட்பதற்கென உருவான வினாத்தாளைத் தழுவி, கனடாவைச் சேர்ந்த ஷெர்ரி ஸ்டூவர்ட், மார்ட்டின் ஜாக் ஆகிய இருவரும் 2008இல் சூதாடுபவர்களுக்கான வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். அது காரணங்களை மூன்றாகப் பிரித்தது: ஆட்டம் தரும் கிளர்ச்சிக்காக ஆடுவது, நான்கு பேரோடு சேர்ந்திருப்பதற்காக ஆடுவது, மனத்தில் உள்ள வேதனையையோ பதற்றத்தையோ மறப்பதற்காக ஆடுவது. பணத்துக்காக ஆடுவது என்ற நான்காவது காரணம் பிறகுதான் சேர்க்கப்பட்டது. இவற்றுள் வேதனையை மறக்க ஆடுபவர்களிடம் சூதாட்டம் கட்டுமீறிப் போவது கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

நம் வீடுகளிலோ, ஓர் ஆண் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய காரணம் பணம் ஒன்றுதான். 'கடையில் எல்லார் முன்னாலும் முதலாளி திட்டினார், அந்த அவமானம் நெஞ்சைவிட்டுப் போகவில்லை, அதனால் ரம்மி ஆடினேன்' என்று மனைவியிடம் சொல்லும் கணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. 'கடனை அடைக்க ஆடினேன்' என்றால் அதில் குடும்பப் பொறுப்பின் சாயலாவது இருக்கிறது. உங்கள் கணவர் உங்களை ஏமாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. அவரும் அதை நம்பித்தான் சொல்கிறார். ஆனால், ஆடத் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் பணத்தைப் பற்றிய கணக்கு எதுவும் அங்கே இருக்காது. ஒரு தொலைபேசி அழைப்போ, ஒரு சொல்லோ, உறக்கம் வராத படுக்கையோதான் இருக்கும்.

ரம்மி ஆட்டம் அந்த நேரத்தில் அவருக்கு என்ன தருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கையில் 13 சீட்டு வருகிறது. ஜோக்கர் சேராத சீக்வென்ஸ் (ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் சீட்டுகள்) ஒன்றாவது அமைய வேண்டும். எதிரில் இருப்பவர் எதை எடுக்கிறார், எதைக் கழிக்கிறார் என்று கவனித்துக்கொண்டே, தன் முறை வந்ததும் சில நொடிகளுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஒரு கை முடிந்த கையோடு அடுத்தது தொடங்கிவிடுகிறது. வட்டிக்காரரையோ முதலாளியையோ நினைக்க அந்த இடைவெளியில் இடமே இல்லை. அவர் காசு கொடுத்து வாங்குவது அந்த மறதியைத்தான். அப்படியிருக்க, ஜெயித்த பதினெட்டாயிரத்தை வங்கிக்கு மாற்றிவிட்டுப் படுத்தால் என்ன ஆகும்? வீட்டுக்கடன் அப்படியே கண்முன் வந்து நிற்கும். அந்தத் தொகை கடனுக்கு எந்த மூலைக்கும் போதாது; ஆனால் மறதியை விடியும்வரை நீட்டிக்கத் தாராளமாகப் போதும்.

மனநிலை ஆட்டத்துக்கு உள்ளேயும் நுழைகிறது. பாயின்ட் ரம்மியில் கை மோசமாக வந்தால் முதல் முறையிலேயே டிராப் செய்துவிடலாம், அதாவது அந்தக் கையிலிருந்து விலகிவிடலாம். 20 புள்ளிதான் போகும். நடுவில் விலகினால் 40. கடைசிவரை பிடிவாதமாக ஆடித் தோற்றால் 80 வரை போகலாம். ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் புரியும். நிதானமாக இருப்பவர் மோசமான கையை இருபதோடு கீழே வைத்துவிடுவார். பகலில் பத்துப் பேரிடம் தோற்றுப்போனதாக உணர்ந்து வந்தவருக்கு, இரவில் இன்னொரு முறை விலகிக்கொள்வது என்பது தாங்க முடியாத காரியம். எனவே தேறாத கையை வைத்துக்கொண்டு எண்பது வரை போகிறார். சிகிச்சைக்கு வருபவர்களில் சிலர் இதை மிகத் துல்லியமாகச் சொல்வார்கள்: "டிராப் பண்ணியிருக்கணும் டாக்டர், தெரிஞ்சேதான் ஆடினேன்." அப்படித் தோற்றது புதிய வேதனையாகிறது, 'விட்டதைப் பிடிக்க வேண்டும்' என்ற பதைப்பு எழுகிறது, மீண்டும் ஆட்டம்.

இது நோயா என்றால், மருத்துவ உலகம் ஆம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டில், சூதாட்டச் சிக்கலை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தார்கள். அதில் உள்ள ஒன்பது அடையாளங்களில், மனம் வாடியிருக்கும்போது சூதாடுவதும், விட்ட பணத்தைப் பிடிக்க மறுநாள் திரும்பி வருவதும் இரண்டு. ஓராண்டுக்குள் நான்கு அடையாளங்கள் தென்பட்டால் நோய் என்று கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வகைப்பாடு, இணையம் வழியாக நடக்கும் சூதாட்டச் சிக்கலைத் தனியாகவே குறிப்பிடுகிறது. பேராசை என்ற சொல்லைக் குடும்பத்தார் விட்டுவிடுவது நல்லது. அது அவரைக் குற்றவாளியாக்குகிறது, குற்ற உணர்வோ அவரை மறுபடியும் ஆட்டத்துக்கே அனுப்புகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. அவர் ஆடிக்கொண்டிருக்கும்போது சண்டை போடாமல், மறுநாள் காலை, தேநீர் குடிக்கும் நேரத்தில், 'நேற்று எதற்கு ஆடினீர்கள்' என்று கேட்பதற்குப் பதிலாக 'நேற்று கடையிலிருந்து கிளம்பும்போது என்ன நடந்தது' என்று கேளுங்கள். இரண்டு வாரம் அந்தப் பதில்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், மருத்துவரிடம் போகும்போது அது எந்தப் பரிசோதனை அறிக்கையையும்விடப் பயன்படும். அடுத்தது, கடனை நகை அடகு வைத்து ஒரேயடியாக நீங்கள் அடைத்துவிடாதீர்கள். அடைத்த அன்று வரும் நிம்மதியே அவரை மீண்டும் ஆட வைப்பதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன். சம்பளம் உங்கள் கணக்குக்கு வருமாறும், அவருடைய யூபிஐ வரம்பு குறையுமாறும் அவருடைய சம்மதத்தோடு ஏற்பாடு செய்த பிறகு, கடனைத் தவணைகளாகப் பிரித்துப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. வீட்டை விட்டு வர அவர் தயங்கினால், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: மனச்சோர்வில் இருப்பவர்கள்தான் சூதாட்டத்துக்கு அடிமையாவார்கள் என்று படித்தேன். நான் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். எனக்குச் சோர்வெல்லாம் கிடையாது. நண்பர்களோடு கிரிக்கெட் பார்த்து, நம் அணி ஜெயித்த மகிழ்ச்சியில் இருக்கும்போதுதான் பெட்டிங் ஆப்பில் பணம் கட்டுகிறேன். எனக்கு ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருச்சி

எடுத்துக்கொள்ள முடியாது. உற்சாகமும் கையைத் தளர்த்தும். நியூயார்க் நகரில் லாட்டரி விற்பனைப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, உள்ளூர் அணிகள் எதிர்பாராமல் ஜெயித்த பிறகும், எதிர்பாராமல் நல்ல வெயில் அடித்த நாள்களிலும் மக்கள் கூடுதலாக லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள் என்று காட்டியது. வெயிலுக்கும் லாட்டரியில் விழும் எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும், எதிர்பாராத ஒரு நல்லது நடந்தால், அடுத்ததும் நமக்குச் சாதகமாகவே நடக்கும் என்று மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டுவிடுகிறது. உங்கள் அணியின் வெற்றி உங்கள் பந்தயத்தின் வெற்றியைப் போலத் தோன்றுவதும் இப்படித்தான்.

மகிழ்ச்சியில் அவசரப்பட்டு முடிவெடுக்கும் இயல்பு சிலருக்குக் கூடுதலாக உண்டு. அதை உளவியலாளர்கள் தனியாகவே அளந்து, சூதாட்டச் சிக்கலோடு அதற்குத் தொடர்பு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மேலும், மகிழ்ச்சிக்காக ஆடத் தொடங்கியவர் மகிழ்ச்சிக்காகவே ஆடிக்கொண்டிருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தேர்வுக் கட்டணத்தை வைத்துத் தோற்ற பிறகு கட்டும் அடுத்த பந்தயம் எந்த மனநிலையில் கட்டப்படும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த உற்சாகம் ஆட்டம் பார்க்கும் மாலையோடு முடிகிறதா, அல்லது நாள்கணக்கில் நீடித்து, இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போகும் காலங்கள் உங்களுக்கு வருவதுண்டா? உண்டு என்றால் அது இருதுருவ மனநிலைக் கோளாறின் எழுச்சிக் கட்டமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சூதாட்ட ஆலோசனை மட்டும் போதாது. மனநிலையைச் சீராக்கும் மருந்து தேவைப்படும்.

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது. ஓய்வுபெற்ற அரசு ஊழியர். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து எடுத்துவருகிறார். எப்போதாவது களியக்காவிளைப் பக்கம் போகும்போது ஒரு கேரள லாட்டரிச் சீட்டு வாங்குவதைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர், கடந்த ஓராண்டாக இரவு பகலாகக் கைப்பேசியில் எண், நிறம் ஊகிக்கும் ஆட்டங்களில் ஓய்வூதியத்தை இழக்கிறார். வயதான காலத்தில் ஏன் இப்படி மாறினார் என்று எங்களுக்குப் புரியவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

இந்தக் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதினேன். உங்கள் தந்தையின் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால், அவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, சூதாட்டத்தைப் பற்றி வெட்கப்படாமல் சொல்லுங்கள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையைச் செய்யும் இந்த மருந்துகள், நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கும் அதே நேரத்தில், சிலருக்குச் சூதாட்டம், வாங்கிக் குவித்தல், அளவற்ற உணவு, பாலுணர்வு ஆகியவற்றில் அடக்க முடியாத உந்துதலை உண்டாக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. மருந்து தொடங்கியதற்கோ அளவு கூட்டியதற்கோ பிறகுதான் ஆட்டம் தொடங்கியதா என்ற தேதிக் கணக்கு மருத்துவருக்கு மிகவும் உதவும்.

நீங்களாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் மோசமாவதோடு, கடும் பதற்றமும் சோர்வும் வரக்கூடும். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம் அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம்; பலருக்கு உந்துதல் அதோடு தணிந்துவிடுகிறது. மனநோய்களுக்குத் தரப்படும் அரிபிப்ரசோல் என்ற மருந்தைப் பற்றியும் இதே எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் வெளியிட்டது என்பதை மற்ற வாசகர்களும் தெரிந்துகொள்ளலாம். உங்கள் தந்தையின் குணம் கெட்டுவிட்டது என்று உறவினர்களிடம் இதுவரை சொல்லியிருந்தால், தயவுசெய்து இனி சொல்லாதீர்கள்.

கேள்வி: ரம்மி திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். மருத்துவப் பார்வையில் இந்த வேறுபாட்டுக்குப் பொருள் உண்டா?
– வாசகர், மதுரை

ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நிறுவனங்கள் வாதாடின. தமிழக அரசு 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, சட்டம் இயற்றி, அது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்ற அட்டவணையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்று சொல்லி அந்த வாதத்தை ஓரம் கட்டியது. ஆடுபவரை அது தண்டிப்பதில்லை.

மருத்துவப் பார்வையில், திறமை இருப்பது ஆபத்தைக் குறைப்பதில்லை. பார்க்கப்போனால் கூட்டுகிறது. நிறம் ஊகிக்கும் ஆட்டத்தில் தோற்றவர் விதியை நொந்துகொள்ளலாம். ரம்மியில் தோற்றவர், 'அந்தச் சீட்டைக் கழித்திருக்கக் கூடாது, அடுத்த கையில் சரியாக ஆடுவேன்' என்று நினைக்கிறார். தோல்வி ஒவ்வொன்றும் திருத்திக்கொள்ளக்கூடிய பிழையாகத் தெரிகிறது. ஆனால் உறக்கமின்மையும் எரிச்சலும் முதலில் பறித்துக்கொள்வது அந்தத் திறமையைத்தான். நள்ளிரவு 2 மணிக்குக் கடனை நினைத்து ஆடுபவரிடம் இருப்பது, மாலை 6 மணிக்கு அவரிடம் இருந்த திறமை அல்ல. அந்த வகையில், நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை பண ஆட்டங்களுக்கு உள்நுழையக் கூடாது என்று 2025 தொடக்கத்தில் தமிழகம் கொண்டுவந்த விதியை, ஜூனில் உயர் நீதிமன்றமும் சரியென்று சொன்ன அந்த விதியை, இத்தனை சட்டங்களுள் மனித மனத்தை அறிந்து எழுதப்பட்டதாக நான் கருதுகிறேன். வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் திருட்டுத் தளங்கள் எந்த விதியையும் மதிப்பதில்லை என்பது வேறு துயரம்.

கேள்வி: நான்கு மாதங்களாக ஆடவில்லை. பாராட்டுகிறார்கள். ஆனால் மாலை 7 மணி ஆனால் கை பரபரக்கிறது, பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நரகம். ஆடியபோது இருந்ததைவிட இப்போதுதான் மோசமாக இருக்கிறேன் என்று தோன்றுகிறது. சில நேரம் இருந்தே என்ன பயன் என்றும் நினைக்கிறேன். மருந்து உண்டா?
– வாசகர், கோவை

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். 'இருந்தே என்ன பயன்' என்ற எண்ணத்தை இன்றே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவில் அது வலுத்தால் 14416 அல்லது தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104ஐ அழையுங்கள், அல்லது நேராக அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சூதாட்டச் சிக்கல் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடுதலாகக் காணப்படுகிறது. அது ஆடும் காலத்தில் மட்டும் வருவதில்லை. நிறுத்திய பிறகு, கடனும் குற்ற உணர்வும் மறைப்பில்லாமல் தெரியும் காலத்திலும் வரும்.

எரிச்சலும் அமைதியின்மையும் நிறுத்த முயல்பவர்களுக்கு வரும் அடையாளங்கள் என்று நோய் வரையறையிலேயே இருக்கிறது. ஆகவே நீங்கள் மோசமாகிவிடவில்லை. ஆனால் நான்கு மாதம் கழித்தும் இவ்வளவு இருக்கிறது என்றால், ஆட்டத்துக்கு அடியில் வெகுநாளாகவே ஒரு மனச்சோர்வு இருந்து, ஆட்டம் அதை மூடி வைத்திருந்ததா என்று பார்க்க வேண்டும். சூதாட்டத்துக்கு வருபவர்கள் எல்லாரும் ஒரே பாதையில் வருவதில்லை: ஆடி ஆடிப் பழகி, இழப்பால் சோர்ந்தவர்கள் உண்டு, முன்பே சோர்ந்திருந்து அதிலிருந்து தப்ப வந்தவர்கள் உண்டு, எதிலும் அவசரப்படும் இயல்பால் வந்தவர்களும் உண்டு. முதல் வகையினருக்கு நிறுத்தினாலே பெருமளவு தெளிவு வந்துவிடும். இரண்டாம் வகையினருக்கு, நிறுத்துவது சிகிச்சையின் தொடக்கம்தான்.

மருந்தைப் பொறுத்தவரை, சூதாட்டச் சிக்கலுக்கென்றே ஒப்புதல் பெற்றது எதுவும் இல்லை. மது அடிமைத்தனத்துக்குத் தரப்படும் நால்ட்ரெக்ஸோன் சிலருக்கு வேட்கையைக் குறைக்கிறது. மனச்சோர்வு இருப்பது உறுதியானால் அதற்கான மருந்து தனியாகத் தரப்படும். இப்போதைக்கு நல்ல ஆதாரம் உள்ளது அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குத்தான்: எந்த எண்ணம், எந்த இடம், எந்த நேரம் கையை ஆட்டத்துக்கு இழுக்கிறது என்று கண்டறிந்து, அந்த இடத்தில் வேறொன்றைச் செய்யப் பழகுவது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் 2014 முதல் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவே இயங்குகிறது. கோவையிலிருந்து போய்வரக் கூடிய தொலைவுதான்.

மாலை 7 மணி என்று நீங்கள் நேரத்தைக் குறிப்பிட்டிருப்பது நல்ல செய்தி, ஏனென்றால் நேரம் தெரிந்த வேட்கைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும். வேலையிலிருந்து வந்ததும் பசியோடு உட்காராதீர்கள், 6.30க்கே ஏதாவது சாப்பிட்டுவிட்டு, கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வீட்டை விட்டு வெளியே வரும்படியான ஒரு வேலையை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேட்கை எழும்பி உச்சிக்குப் போய், ஆடாமல் இருந்தால் சிறிது நேரத்தில் தானாகவே தணியும். அந்தச் சிறிது நேரத்துக்குத்தான் வழி வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதாது. நாள் முழுவதும் வெறுமையாக இருப்பதால், காலையிலேயே வேறொருவரோடு சேர்ந்து செய்தாக வேண்டிய வேலை ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள்; தனியாகச் செய்யும் வேலையை மதியத்துக்குள் கைவிட்டுவிடுவீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் உறக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.